பழைய ஷெவெலின் பின்பக்கம் எவ்வளவு அகலமான டயர் போகும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1970 ஷெவர்லே ஷெவெல் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உடம்பு பயில்வான் மாதிரி இருக்க, பின்னால் 14 அங்குலச் சக்கரமும் ஒல்லி டயரும் பார்க்கப் பரிதாபமாக இருக்கின்றன. 15 அங்குல விட்டமும் 10 அங்குல அகலமும் உள்ள ரிம்மில் 295 மி.மீ. அகல டயர் போட ஆசை. கடைக்காரர் “உரசினால் ஒரு ஸ்பேசர் போட்டால் போச்சு” என்கிறார், ரிம்முக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவே வைக்கிற தட்டு அது. நண்பரோ தன் ஷெவெலில் 275 கச்சிதமாக நிற்கிறது, அதையே வாங்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, பிடிமானம் எவ்வளவு கூடும்? ஆனால் டயரின் அகலத்தைவிட, ரிம் ஆக்ஸிலில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. அதை நீங்கள் கேட்கவில்லை. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் டயர் எண் தானாக வந்துவிடும்.

நான் மிச்சிகனில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் 16 வருடமாக சஸ்பென்ஷன், பிரேக் வேலை பார்க்கிறேன். ஷெவெல், கமேரோ, மஸ்டாங் எல்லாம் நிறையவே கையில் வந்து போயிருக்கின்றன. உங்கள் காரை மட்டும் நான் பார்த்ததில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் யார் எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எங்கே வெட்டி ஒட்டினார்கள் என்பது காரைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கணக்கால் உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவே சொல்கிறேன். காரைப் பார்த்தால்தான் தெரியும் என்பதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த ஒல்லி டயர் கஞ்சத்தனத்தால் வந்தது இல்லை. 1970 எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) மாடலுக்குத் தொழிற்சாலையே கொடுத்தது 14 அங்குல விட்டம், 7 அங்குல அகல ரிம், அதில் எஃப்70-14 டயர். எஃப் என்ற எழுத்து சுமை தாங்கும் அளவைக் குறிக்கும். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம் என்று பொருள். இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய பயஸ் டயர் அது. எல்எஸ்6 என்ற 454 கன அங்குல எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன், 500 அடி-பவுண்டு டார்க் என்று அந்தக் காலக் கணக்கில் அறிவித்தார்கள். அத்தனை வலுவையும் தரைக்குக் கொண்டுபோக வேண்டியது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 215 அல்லது 225 அகலமுள்ள டயர். சிக்னலில் புகை கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. பின்பக்கம் அகலமாகப் போட வேண்டும் என்ற ஆசை அந்தக் காலத்திலேயே பிறந்துவிட்டது. சக்கரக் கூட்டின் அளவு மட்டும் அன்றைய ஒல்லி டயருக்காக வரைந்தது.

சரி, ரிம்முக்கு வருவோம். ரிம்மை நிலத்தில் கவிழ்த்து வையுங்கள், காரின் உள்பக்கம் பார்க்கும் விளிம்பு மேலே இருக்கட்டும். அதன் மேல் ஒரு நேர்க்கட்டையை வைத்து, அங்கிருந்து ரிம் பிரேக் டிரம்மில் போய் ஒட்டுகிற முகம் வரை அளந்தால் கிடைப்பது பேக்ஸ்பேசிங். ரிம் ஆக்ஸிலிலிருந்து எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை இந்த ஒரு எண்தான் முடிவு செய்கிறது. இதில் புதியவர்கள் வழக்கமாக விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. 8 அங்குல ரிம் என்றால் டயர் உட்காரும் இரு இடங்களுக்கு நடுவே 8 அங்குலம். விளிம்புகளின் தடிமனையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறக்குறைய 9 வரும். ஆகவே 8 அங்குல ரிம்மில் பேக்ஸ்பேசிங் 4.5 என்றால் ஒட்டும் முகம் சரியாக நடுவில் இருக்கிறது, ஆஃப்செட் பூஜ்யம். அதே ரிம் 5 அங்குல பேக்ஸ்பேசிங்கில் வந்தால் சக்கரம் முழுவதுமே அரை அங்குலம் உள்ளே நகர்கிறது. நண்பர் “275 போட்டேன்” என்று சொன்னாரே, பேக்ஸ்பேசிங் என்ன என்று சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அவர் சொன்னது பாதித் தகவல்.

இனி அளக்கும் வேலை. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, காரின் எடை ஸ்பிரிங்கின் மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை உடம்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் ஆக்ஸில் கீழே தொங்கிவிடும், எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. டிரம்மின் முகம்தான் உங்கள் பூஜ்யம். டிரம் கழன்று வராதபடி இரண்டு நட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தின் குறுக்கே நீளமான நேர்க்கட்டையைப் பிடித்து, உள்பக்கம் முதலில் எது தட்டுகிறதோ அதுவரை அளக்க வேண்டும். ஃபிரேம், சக்கரத்தை உள்பக்கம் மூடும் தகடான உள்கிண்ணம், ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய், எக்ஸாஸ்ட் குழாய் என எதுவாகவும் அது இருக்கலாம். எக்ஸாஸ்டை மறந்து அளந்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அப்புறம் வெளிப்பக்கம், மட்கார்டின் உள்மடிப்பு வரை. ஒரே உயரத்தில் அளந்தால் போதாது. டயர் அதிகம் புடைப்பது பக்கச்சுவரின் நடுவில், மடிப்போ அதற்கும் மேலே இருக்கும். அந்தப் புடைப்பு வரும் உயரத்திலும் மடிப்பு வரும் உயரத்திலும், ஆக்ஸிலுக்கு முன்னும் பின்னும் அளந்து, கிடைத்ததில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே 6.25 அங்குலம், வெளியே 6 அங்குலம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கம் முக்கால் அங்குலமும் வெளிப்பக்கம் அரை அங்குலமும் இடைவெளியாக விடுகிறேன். மீதி இரு பக்கமும் 5.5, ஆகமொத்தம் 11 அங்குலம். 275 மி.மீ. என்பது 10.8 அங்குலம். அது போகும், ஆனால் ஒட்டி ஒட்டித்தான் போகும். டயரின் நடு பூஜ்யத்திலேயே விழுவதால் 8 அங்குல ரிம்முக்கு 4.5 பேக்ஸ்பேசிங் சரி. இதுவே உள்ளே 6.75, வெளியே 5.5 என்று வந்திருந்தால் மொத்த இடம் மாறவில்லை, டயரும் அதே 275தான். ஆனால் நடு அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. 5 அங்குல பேக்ஸ்பேசிங் உள்ள ரிம்தான் வேண்டும். டயர் நிறுவனம் தரும் அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் ஏற்றி அளந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் புடைப்பும் ஏறக்குறைய 0.2 அங்குலம் கூடும். 275 எப்போதும் 275 இல்லை.

இடது பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ரிம் வாங்கப் போய்விடாதீர்கள். இந்த வயதுக் கார்களில் இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் நான் இன்னொரு தடவை அளந்து பார்ப்பேன், அவ்வளவு அபூர்வம். பின் ஆக்ஸில் கால் அங்குலம் ஒரு பக்கம் தள்ளி நிற்பது சாதாரணம். ஷெவெலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இது ஃபிரேமின் மேல் தனியாக உடம்பை வைத்த கார், இரண்டுக்கும் நடுவே ரப்பர் மவுண்டுகள். அவை நைந்துபோனால் உடம்பே ஃபிரேமின் மேல் சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆக்ஸில் ஃபிரேமோடு நேராகத்தான் இருக்கும், மட்கார்டு மட்டும் விலகியிருக்கும். துருப்பிடித்த மட்கார்டை எப்போதோ வெட்டிப் புதுத் தகடு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு எண்களையும் எழுதி, எந்தப் பக்கம் நெருக்கமோ அதற்குத்தான் வாங்க வேண்டும்.

நிற்கும்போது உரசாதது ஓடும்போது உரசலாம். ஷெவெலின் பின் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங்கும் நான்கு கைகளும் இருக்கின்றன. மேல் இரு கைகள் சாய்வாக நின்று ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கின்றன. அவற்றின் ரப்பர் புஷ் நல்லபடி இருந்தால் பக்கவாட்டு ஆட்டம் குறைவு. கமேரோவிலும் பழைய மஸ்டாங்கிலும் லாரிகளில் இருப்பது போல லீஃப் ஸ்பிரிங் இருப்பதால் வளைவில் ஆக்ஸில் இன்னும் கொஞ்சம் நகரும், அங்கே நான் இடைவெளியைக் கூட்டி விடுவேன். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, டயர் ஏற்றிய சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலை ஜாக்கியால் மெதுவாக, பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும்வரை தூக்கிப் பார்க்கலாம். ஒரு பக்கத்தை மேலேற்றி மறு பக்கத்தை இறக்கியும் பாருங்கள். வீட்டு வாசல் மேட்டில் சாய்வாக ஏறும்போது நடப்பது இதுதான். இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மடிப்பின் உள்பக்கமும் ஃபிரேமிலும் தடிமனாக ஒட்டிக்கொண்டு பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றி மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். களிமண் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே பதில். எங்கள் பட்டறையில் இன்றும் இதைத்தான் செய்கிறோம்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். 10 அங்குல ரிம்மின் மொத்த அகலம் 11. அதை 5.5 பேக்ஸ்பேசிங்கில் போட்டால், 4.5 பேக்ஸ்பேசிங் உள்ள 8 அங்குல ரிம்மைவிட உள்ளே ஒரு அங்குலமும் வெளியே ஒரு அங்குலமும் கூடுதலாகப் போகும். 4.5 பேக்ஸ்பேசிங்கிலேயே போட்டால் உள்பக்கம் மாறாது, வெளிப்பக்கம் முழுதாக இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். இது வெறும் கழித்தல் கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மேலே 275-க்கே வெளிப்பக்கம் அரை அங்குலம்தான் மிஞ்சியது. எந்த வெட்டும் ஒட்டும் செய்யாத ஷெவெல் கூட்டில் இதற்கு இடம் கிடையாது. உள்கிண்ணத்தை வெட்டி அகலமாக்கவோ ஆக்ஸிலைச் சுருக்கவோ தயாராக இருந்தால் அது வேறு கதை, வேறு பட்ஜெட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வாடிக்கையாளர் கொண்டுவந்த எண்ணை நம்பி 10 அங்குல ரிம் வரவழைத்து மாட்டினேன். நிறுத்தி வைத்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது. முதல் ரயில்வே கிராசிங்கிலேயே மடிப்பு டயரின் தோளைச் சீவிவிட்டது. அந்த எண் உள்கிண்ணம் வெட்டிய காருடையது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு ஜோடி டயர் குப்பைக்குப் போனது, பாதிப் பணம் என் சம்பளத்தில்.

ஸ்பேசர் விஷயத்தில் உங்கள் கடைக்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பேசர் சக்கரத்தை வெளியே மட்டும்தான் தள்ளும். உள்ளே விலகிய அளவு வெளியே நெருங்கும். அது போகட்டும், சக்கர நட் ஏறுகிற போல்ட்டான ஸ்டட்டைப் பாருங்கள். உங்கள் காரின் ஸ்டட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது நட் ஏறக்குறைய 9 சுற்று சுற்ற வேண்டும். அரை அங்குல ஸ்பேசர் ஸ்டட்டின் நீளத்தில் 10 சுற்றைத் தின்றுவிடும். நட் எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று கையால் எண்ணிப் பாருங்கள், சக்கரம் எதை நம்பி நிற்கிறது என்று தெரியும். நீளமான ஸ்டட் மாற்றிவிட்டு மெல்லிய ஸ்பேசர் போடுவதை நான் ஒத்துக்கொள்வேன். பழைய ஸ்டட்டின் மேலேயே தடிமனான ஸ்பேசர் போட்டுத் தரச்சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். பின்பக்கத்தைத் தூக்கி இடம் பண்ண ஏர் ஷாக் போடுவதும் எனக்குப் பிடிக்காது. அன்று அது ஃபேஷன். ஆனால் காரின் எடையைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங். ஷாக்கின் மேல் மவுண்டை அந்த எடைக்காகச் செய்யவில்லை.

கால் அங்குலம் மட்டும் போதவில்லை என்றால் மட்கார்டின் உள்மடிப்பை உருட்டி மேலே மடக்கலாம். பெயிண்ட் வெடிக்காமலிருக்க ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே பல தடவை மெதுவாக உருட்ட வேண்டும். தகட்டை நிரப்பிப் பூசியிருந்தால் எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் பூச்சு விரிசல் விடலாம். ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் தகட்டுக்குப் பதில் பூச்சுதான் இருக்கிறது. மடிப்பைக் கட்டிங் வீலால் சீவிவிடலாம் என்று யாராவது சொன்னால் கவனம்: வெளித் தகட்டையும் உள்கிண்ணத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பாட் வெல்டுகள் அங்கேதான் இருக்கின்றன. சீவினால் திரும்ப வெல்டு வைக்காமல் விட முடியாது.

ரிம் வாங்கும்போது துளை அமைப்பையும் பாருங்கள். ஷெவெலுக்கு ஐந்து துளை, 4.75 அங்குல வட்டம், அதாவது 120.65 மி.மீ. பிஎம்டபிள்யூ ரிம்கள் பலவற்றின் வட்டம் 120 மி.மீ. கையால் மாட்டினால் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் ஆபத்து: நட் சரியாக மையத்தில் உட்காராமல் ஸ்டட்டை வளைத்துக்கொண்டே இருக்கும். நட்டின் வடிவமும் ரிம்மின் இருக்கையும் ஒத்துப்போக வேண்டும். கூம்பு முனை கேட்கும் ரிம்முக்குத் தட்டை வாஷர் நட் ஆகாது. முதல் 50 முதல் 100 மைலுக்குள் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள். அலுமினிய ரிம் என்றால் கட்டாயம்.

275/60 ஆர்15 டயரின் (ஆர் என்றால் ரேடியல், இழைகள் நேர்குறுக்காக ஓடும் இன்றைய வகை) உயரம் 28 அங்குலம். பழைய எஃப்70-14 ஏறக்குறைய 26. ஆகவே ஸ்பீடோமீட்டர் 65 மைல் காட்டும்போது உண்மையில் 70-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர்பாக்ஸின் வால் பகுதியில் இருக்கும் சின்ன ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றினால் இது சரியாகிவிடும். ஆனால் 3.31 கியர் விகிதமுள்ள ஆக்ஸில் 3.07 போல நடந்துகொள்வதை அது மாற்றாது. புறப்படும் இழுப்பு கொஞ்சம் மந்தமாகத் தெரியும். 255/60 ஆர்15 போட்டால் உயரம் 27, இந்தத் தொல்லை பாதியாகிவிடும். இரு பின் சக்கரமும் சேர்ந்து இழுக்க வைக்கும் பாசிட்ராக்ஷன் ஆக்ஸில் இருந்தால் இரு பின் டயரும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். உயரம் வேறுபட்டால் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் ஓயாமல் தேயும். முன்னால் பழைய பயஸ் டயரை வைத்துக்கொண்டு பின்னால் ரேடியல் போடுவது எனக்கு உவப்பில்லை, நான்கையும் மாற்றுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்ற தலைகீழ் அமைப்பு மட்டும் கூடவே கூடாது, பின்பக்கம் சறுக்கிவிடும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி 26 அங்குலமாகவே இருந்தால் அதைப் பின்னால் மாட்டி நெடுந்தூரம் போகாதீர்கள்.

பிடிமானம் எவ்வளவு கூடும் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே எடை, அதே காற்றழுத்தம் என்றால் தரையைத் தொடும் பரப்பு அவ்வளவாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்ட முடிவதும் ரப்பர் கலவையும்தான் அதிக வேலை செய்கின்றன. 15 அங்குலத்தில் வெள்ளை எழுத்தோடு வருகிற பழைய பாணி ரேடியல்கள் பலவும் எஸ் தரம், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்கானவை, கலவை கெட்டியானது. உங்கள் காரில் எந்த அழுத்தம் சரி, வளைவில் முன்பக்கம் எவ்வளவு தள்ளும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பின்னால் மட்டும் அகலமாக்கினால் முன்பக்கம் வளைய மறுக்கும் குணம் கூடும் என்பது நிச்சயம். ஆசைப்படுவது அழகுக்காக என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் ஓடும் கார்களில் பாதிக்கு மேல் அதற்காகத்தான் அகல டயர் போட்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

எனவே என் பரிந்துரை: அளவுகள் ஒத்துவந்தால் 15 அங்குலம், 8 அகல ரிம், 4.5 பேக்ஸ்பேசிங்கை ஒட்டி, 275/60. 1968 முதல் 1972 வரையிலான ஷெவெல்களில் இது பெரும்பாலும் நிற்கும், ஆனால் எல்லாவற்றிலும் நிற்கும் என்று எழுதித் தர மாட்டேன். நெருக்கமாக வந்தால் யோசிக்காமல் 255/60-க்கு இறங்கிவிடுங்கள். அதே ரிம்தான், மட்கார்டும் தப்பிக்கும். வாங்கும் டயரின் பக்கத்தில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இந்த அளவுகள் மெதுவாக விற்பதால் கடை அலமாரியிலேயே வயதான டயர் கைக்கு வரலாம். ரிம் வந்ததும் டயர் ஏற்றாமல் வெறும் ரிம்மை மாட்டிப் பாருங்கள், டயர் ஏற்றிய ரிம்மைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. இந்த வார இறுதியில் நான்கு அளவுகளையும் எடுத்து, எது முதலில் தட்டியது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். பேக்ஸ்பேசிங்கை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.